வரமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது

18 வயது நிறையாத பிள்ளை “நான் வரமாட்டேன்” என்று சொன்னால் அப்பா அம்மா பயணத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்று மலேசியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், எங்கேயோ வீடியோவில் பார்த்ததை நம்பி வீட்டில் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம். அதற்காக, பிள்ளையின் பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது என்று பெரியவர்கள் சொல்வதும் சரியில்லை. சில விஷயங்களில் நீதிபதி அந்தப் பேச்சைக் கேட்டாக வேண்டும். சில விஷயங்களில் சமூக நல இலாகா அதிகாரி பிள்ளையை அன்றைக்கே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். எது எப்போது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவள். குடும்ப வழக்கு பைல்களோடுதான் என் காலம் போனது. இப்போது சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறேன். சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) பாரம், பிறப்புப் பத்திரம் என்று பெரியவர்கள் வருவார்கள். அவர்கள் கலைந்த பிறகு, எல்பில் தோட்டப் பக்கமிருந்தோ டவுனிலிருந்தோ வந்த ஏதாவது ஒரு பிள்ளை தூண் ஓரமாக நிற்கும். “ஆண்ட்டி, ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பிக்கும்.

நான் உடனே சட்டம் பேசுவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து ஒரே ஒரு வரி எழுதச் சொல்வேன்: “நான் இந்த ஊருக்குப் போக விரும்பவில்லை, ஏனென்றால்…” அந்த ‘ஏனென்றால்’-க்குப் பிறகு வருவதை வைத்துத்தான் மற்ற எல்லாமே. பரீட்சை இருக்கிறது, கூட்டாளிகளைப் பிரிய மனமில்லை என்பது ஒன்று. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள், ஒருவர் என்னை மற்றவரிடமிருந்து கொண்டுபோகப் பார்க்கிறார் என்பது வேறு. அங்கே போனால் எனக்கு ஏதோ நடக்கப்போகிறது, பயமாக இருக்கிறது என்பது முற்றிலும் வேறு. நீங்களும் இதைப் படிக்கும்போதே அந்த வரியை எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், வாய்விட்டாவது சொல்லிப் பாருங்கள்.

முதல் வகைக்கு நீதிமன்றம் வராது. திருச்சியில் சித்தப்பா மகள் கல்யாணம், உங்களுக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசாங்கப் பரீட்சை) வருடம் என்றால், அது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. 1971-ஆம் ஆண்டின் வயது வரம்புச் சட்டப்படி 18 நிறைந்தால்தான் நீங்கள் பெரியவர். அதுவரை எங்கே வசிப்பது, எங்கே போவது என்பது பெற்றோர் கையில். வேலைக்காகக் குடும்பமே ஜொகூருக்கோ பூச்சோங்குக்கோ குடிபோவதும் இதில் அடங்கும். தீபகற்ப மலேசியாவுக்குள் இடம் மாற பாஸ்போர்ட்டும் வேண்டாம், யாரும் நிறுத்திக் கேட்கவும் மாட்டார்கள். பேசும்போது அழுகையை விட அட்டவணைதான் எடுபடும். பரீட்சை தேதி, டியூஷன் நாள், நீங்கள் தங்கக்கூடிய மாமா வீடு, அந்த மாமா சம்மதித்துவிட்டார் என்பது, இவற்றை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். அவர் ஒத்துக்கொண்டால், “இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என் மகளை இவர் பார்த்துக்கொள்வார், அவசரச் சிகிச்சைக்கு இவர் கையெழுத்திடலாம்” என்று ஒரு கடிதம் எழுதி, இரண்டு பேருடைய அடையாள அட்டை நகலையும் இணைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

பெற்றோர் பிரிந்திருந்தால்

இங்கேதான் பிள்ளையின் வார்த்தை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது அது. அடுத்து இரண்டு விருப்பங்களைக் கவனிக்கச் சொல்கிறது: ஒன்று பெற்றோர் விருப்பம், மற்றது, சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லும் வயது வந்திருந்தால், பிள்ளையின் விருப்பம். அந்த வயது இத்தனை என்று சட்டம் எண் போடவில்லை. நீதிபதி பிள்ளையைப் பார்த்து முடிவு செய்வார். (முஸ்லிம் குடும்பங்களுக்கு சரியா நீதிமன்றம், அது வேறு பாதை.)

இதே சட்டத்தின் 101-ஆம் பிரிவைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ, ஒப்பந்தப்படியோ நீதிமன்ற ஆணைப்படியோ பிள்ளை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலோ, மற்றவர் பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். நமக்கு அது ஈப்போவில் இருக்கிறது. அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலேயே முதலில் விசாரிக்கச் சொல்லியும் கேட்க முடியும். தடை கேட்க வேண்டியது தாயோ தந்தையோ. பிள்ளை தானே போய் மனுப் போட முடியாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் எந்த வழக்குப் போட்டாலும் அவருக்காக ஒரு பெரியவர் பிரதிநிதியாக நிற்க வேண்டும். ஆகவே பிள்ளை செய்யக்கூடிய பெரிய காரியம், தெரிந்ததை மற்ற பெற்றோரிடம் சீக்கிரம் சொல்வதுதான். “அப்பா டிக்கெட் எடுத்துட்டாரு, இந்தத் தேதி, இந்த விமானம்” என்ற அளவுக்குத் தெளிவாகச் சொன்னால் வக்கீலின் வேலை பாதி முடிந்த மாதிரி.

தடை கிடைத்ததும் சீட்டை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். முத்திரை போட்ட நகலைக் குடிநுழைவு இலாகாவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஈப்போவில் நீதிபதி சொன்னது விமான நிலையக் கவுண்டரில் இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. வழக்கே இன்னும் போடவில்லை என்றாலும், 1961-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1999-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று எழுதிவிட்டார்கள். “அப்பாதான் கார்டியன், நீ யாரு கேக்க?” என்று இன்றைக்கும் லயத்து வீடுகளில் பேசுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

எதற்கு இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், விமானம் ஏறிய பிறகு காரியம் கடினம். கடத்திச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நாடுகள் ஒத்துழைக்கும் 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. அங்கே போய் அங்குள்ள நீதிமன்றத்தில் புதிதாக வழக்காட வேண்டும். நாட்டுக்குள்ளேயே எவ்வளவு கஷ்டம் என்பதை ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கில் நாம் எல்லாரும் பார்த்தோம். 2009-இல் கைக்குழந்தையாக இருந்த மகளை, மதம் மாறிய தந்தை கொண்டுபோய்விட்டார். பராமரிப்பு உரிமை தாய்க்குக் கிடைத்தது. பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018-இல் கூட்டரசு நீதிமன்றமே சொன்னது. அப்படியும் அந்தத் தாய் கையில் பிள்ளை வந்து சேரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நீதிபதி பிள்ளையைப் பார்க்க விரும்பினால் பெரும்பாலும் தன் அறைக்குத்தான் கூப்பிடுவார். பெற்றோர் வெளியே இருப்பார்கள். தனியாகத் தங்கைக்கும் தனியாக அண்ணனுக்கும் கேள்வி இருக்கலாம். பள்ளிக்கூடம், சாப்பாடு, யாரோடு தூங்குகிறாய் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். சிங்கப்பூருக்குக் கூட்டிப்போக அப்பா கேட்டிருந்தார். அப்பா பக்கம் ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா பக்கம் இன்னொன்று. சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் வேறு. உள்ளே போய் வந்தவன் நடைபாதையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாளை எடுக்கவே இல்லை என்றான். “ராத்திரி பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறது நான்தான், அவங்களுக்குக் கண்ணு சரியா தெரியாது. அதச் சொன்னேன்.” நீதிபதி தன் தீர்ப்பில் அந்தப் பாட்டியைப் பற்றித்தான் எழுதினார். ஆகவே மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். “அம்மாவையும் பிடிக்கும், அப்பாவையும் பிடிக்கும், ஆனா போக வேண்டாம்” என்று சொன்னால் அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஈப்போவில் சட்ட உதவி இலாகா இருக்கிறது, ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று கேட்டால் காட்டுவார்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், குடும்ப வழக்குகளை அவர்கள் நடத்துகிறார்கள். வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு.

பயம் என்றால்

“குலதெய்வக் கோயிலுக்குப் போறோம்” என்று வீட்டில் சொல்கிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். பள்ளியில் லீவு கேட்கவில்லை. அத்தை வந்து வளையல் அளவு எடுத்துக்கொண்டு போகிறார். 16 வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் சேர்ந்தால் என்னவென்று புரியாமலா போகும்? அந்தப் பிள்ளை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதைப் பெரியவர்கள் “சினிமா பாத்துப் பாத்து கெட்டுப்போச்சு” என்று தள்ளிவிடக் கூடாது.

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே 18 வயதுக்குக் கீழே திருமணம் செல்லாது. 16 நிறைந்த பெண்ணுக்கு மட்டும், மாநிலத்தின் மந்திரி பெசார் சிறப்பு அனுமதி கொடுத்தால் செல்லும். அதுவும் பெற்றோர் கேட்டவுடன் கிடைக்கிற சீட்டு இல்லை. யாரையும் பலவந்தப்படுத்தியோ மிரட்டியோ திருமணம் செய்து வைப்பது அதே சட்டத்தில் குற்றம். “அங்கே ஊர்ல செஞ்சா யாரு கேக்கறது?” என்பார்கள். இந்தியாவிலும் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கே பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. சிறு வயதில் செய்து வைத்த திருமணத்தை அந்தப் பிள்ளையே நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். பலவந்தமாகவோ ஏமாற்றிக் கொண்டுபோயோ செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆகவே இங்கேயும் ஒளிவதற்கு இடமில்லை, அங்கேயும் இல்லை.

இப்போது என்ன செய்வது? வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். பள்ளியின் கவுன்சிலிங் டீச்சர் நல்ல ஆரம்பம். அங்கே போக முடியாவிட்டால் 15999-க்குப் போன் செய்யுங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சுங்கை சிப்புட்டுக்குச் சமூக நல இலாகா ஆபீஸ் கோலகங்சாரில். போலீஸ் நிலையத்துக்குப் போனால், பெண்கள், பிள்ளைகள் வழக்கைப் பார்க்கும் டி11 பிரிவு அதிகாரியைக் கேளுங்கள். மலாயில் இப்படிச் சொல்லலாம்: “சாயா தக்குட். சாயா தா மாவு பெர்கி. சாயா பெர்லுக்கான் பெர்லிண்டுங்கான்.” பயமாக இருக்கிறது, போக விரும்பவில்லை, பாதுகாப்பு வேண்டும். அதற்கு மேல் அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னால் போதும்.

‘பாதுகாப்பு’ என்று சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை யார் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பெற்றோரால் உடலிலோ மனத்திலோ காயப்பட்ட பிள்ளை, அப்படிக் காயப்படும் ஆபத்து இருக்கிற பிள்ளை. இன்னொன்றும் உண்டு: பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே குடும்ப உறவே குலைகிற அளவுக்குச் சண்டை முற்றி, அதனால் பிள்ளையின் மனம் காயப்படுவது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தும் என்று நம்ப அதிகாரிக்கு நியாயமான காரணம் இருந்தால், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன் காவலில் எடுக்கலாம். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். வீட்டில் அடி விழுந்திருந்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். டாக்டர் எழுதும் சீட்டு பின்னால் பேசும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீதிமன்றம் உங்களை நம்பகமான உறவினர் வீட்டில் விடலாம், இலாகாவின் பாதுகாப்பு இல்லத்திலும் விடலாம். அம்மா அழுதுகொண்டு வந்து நிற்பார். ஊர் பேசும். சில பிள்ளைகள் அந்த இடத்தில் மனம் மாறி, “நான் சும்மா சொன்னேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகவே போகும்போதே, பாட்டியோ பெரியம்மாவோ யாரிடம் இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பெயர் தயாராக வைத்திருங்கள். அதிகாரிக்கும் அது உதவி.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ பிள்ளையைக் காயப்படுத்துகிறார்கள் என்று நம்பக் காரணம் இருக்கும் குடும்பத்தவர், அதை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சிறார் சட்டம் கடமையாகவே வைத்திருக்கிறது. “அண்ணன் வீட்டு விஷயம், நமக்கெதுக்கு” என்பது சட்டப்படி ஒரு பதில் ஆகாது.

செய்யக் கூடாதவை

பாஸ்போர்ட்டைக் கிழிக்காதீர்கள், ஒளித்துவிட்டுத் தொலைந்தது என்று பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். அது அரசாங்கத்தின் சொத்து, பொய்ப் புகார் குற்றம். அதற்குப் பதிலாக, பாஸ்போர்ட் எடுக்கப் போகும் அன்றைக்கே பேசலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோர் கூட வர வேண்டும், பிள்ளையும் கவுண்டரில் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் அதிகாரியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

கூட்டாளி வீட்டுக்கு ஓடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவில், 14 வயதுக்குக் கீழே உள்ள ஆண் பிள்ளையையோ 16 வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளையையோ பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் அவர் பொறுப்பிலிருந்து கொண்டுபோனால் அது கடத்தல். உங்களுக்குச் சோறு போட்ட கூட்டாளியின் அம்மா போலீஸ் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டி வரும். அவர் உங்களுக்கு உதவ நினைத்தால், உங்களைக் கூட்டிக்கொண்டு நேரே சமூக நல ஆபீசுக்கோ போலீசுக்கோ வரட்டும். அதில் அவருக்கும் பாதுகாப்பு.

ஓடிப்போவதால் இன்னொரு சிக்கல். பிள்ளை எங்கள் சொல்லுக்கு அடங்கவில்லை என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கச் சிறார் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இடம் தருகிறது. விசாரணைக்குப் பிறகு பிள்ளை விடுதியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்கப்படலாம். ஓடிப்போன ராத்திரிகளும் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்களும் அங்கே உங்களுக்கு எதிராகப் பேசும். பள்ளிக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டு, டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கும் பிள்ளையின் நிலைமை வேறு.

விமான நிலையம் வரை போய்விட்டால்

அப்போதும் முடிந்துவிடவில்லை. குடிநுழைவுக் கவுண்டரிலோ, பை சோதிக்கும் இடத்திலோ, சீருடையில் இருக்கும் யாரிடமும் “சாயா தா மாவு பெர்கி, தோலோங் பங்கில் போலிஸ்” (போக விரும்பவில்லை, தயவுசெய்து போலீசைக் கூப்பிடுங்கள்) என்று சொல்லலாம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் போலீஸ் நிலையம் இருக்கிறது. அம்மா கூட இருக்கிறார், வாய் திறக்க முடியாது என்றால் கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, போகிற வழியில் சொல்லுங்கள். கூச்சல் போட வேண்டிய அவசியமில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

போய் இறங்கிவிட்டாலும் வழி உண்டு. இந்தியாவில் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, தமிழ்நாட்டில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் மற்றவர் கையில் இருந்தாலும், நாடு திரும்புவதற்கு மட்டும் அவசரச் சான்றிதழ் கொடுக்கத் தூதரகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் நீங்கள் மலேசியப் பிள்ளை என்று அவர்கள் சரிபார்க்க வேண்டும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கம், மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் மூன்றையும் போனில் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போகும் ஊரின் பெயர், தங்கும் வீட்டுக்காரர் பெயர், திரும்ப வேண்டிய தேதி மூன்றையும் அவரிடம் சொல்லிவிட்டு, “அந்தத் தேதிக்குள்ள நான் போன் பண்ணலேன்னா, நீங்க 15999-க்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லி வையுங்கள். உங்கள் போனைப் பிடுங்கிக்கொண்டாலும் அவருடைய போன் இங்கேதான் இருக்கும்.